கான்டெசாவைத் தாழ்த்தி, பாடி கிட் மாட்டுவது: மதுரைச் சாலைக்கேற்ற முழுமையான வழிகாட்டி

மஸ்டாங், கமேரோ போன்ற மசில் கார் (பெரிய இன்ஜினும் நீண்ட பானெட்டும் உள்ள வேகக் கார்) வைத்திருக்கும் அமெரிக்கக்காரருக்கு வேலை எளிது. கேட்டலாக்கைத் திறந்து, வண்டியின் ஆண்டைச் சொல்லி, தாழ்த்தும் ஸ்பிரிங்கையும் முன் லிப்பையும் (பம்பருக்குக் கீழே மாட்டும் விளிம்பு) பெட்டியில் வரவழைத்துவிடலாம். நம் ஊரில் மசில் கார் என்று சொந்தமாகச் சொல்லிக்கொள்ள இருப்பது இந்துஸ்தான் மோட்டார்ஸின் கான்டெசா. 1972-ல் பிரிட்டனில் வந்த வாக்ஸால் விக்டர் எஃப்.இ.யின் உடலை எடுத்து, 1984 முதல் 2002 வரை செய்த வண்டி. நீண்ட பானெட், பின்சக்கர டிரைவ் என்று வாகு எல்லாம் பொருந்திவரும். பெட்டியில் வரும் பாகங்கள்தான் கிடையாது. ஸ்பிரிங்கைச் சுற்ற வைக்க வேண்டும், லிப்பை பைபரில் (ரெசினில் நனைத்த கண்ணாடி இழை) வார்க்க வேண்டும், வீலை அளந்து தேட வேண்டும். அதனால் இந்த வேலையில் கேட்டலாக்கின் இடத்தில் இருப்பது அளவு டேப்பும் வெர்னியர் அளவுகோலும்தான். அளவு சரியாக இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

வேலையின் வரிசை மாறக்கூடாது. முதலில் துரு, அடுத்து சஸ்பென்ஷன், பிறகு வீலும் டயரும், அதற்கப்புறம் பாடி கிட், கடைசியில் பெயிண்ட். பலர் லிப்பையும் ஸ்பாய்லரையும் முதலில் மாட்டிவிட்டு, பிறகு வண்டியைத் தாழ்த்துகிறார்கள். முதல் வேகத்தடையிலேயே லிப் உடைந்துபோகும். வண்டி எந்த உயரத்தில் நிற்கப்போகிறது என்று தெரியாமல் பாடி கிட்டுக்கு அளவு எடுக்கவே முடியாது.

சட்டம் எதை அனுமதிக்கிறது

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரக்குறிப்பிலிருந்து விலகும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று சேர்த்தார்கள். சேஸிஸை வெட்டுவது, பாடியை அகலப்படுத்தி வெல்டிங் வைப்பது, அனுமதியில்லாமல் இன்ஜின் மாற்றுவது ஆகியவற்றைத் தொடவே வேண்டாம். முன்னால் இரும்புக் கிராஷ் கார்டும் கூடாது. நிறத்தை மாற்றினால் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும்.

கான்டெசா எல்லாமே 15 ஆண்டைத் தாண்டியவை என்பதால் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க பிரேக் இன்ஸ்பெக்டர் முன் நிறுத்தியாக வேண்டும். உங்கள் வண்டி மதுரை தெற்கு, வடக்கு, மத்தி (டிஎன் 58, 59, 64) எதில் இருந்தாலும், வேலை தொடங்கும் முன் என்ன செய்யப்போகிறீர்கள் என்று எழுத்தில் கொடுத்துக் கேளுங்கள். பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் ஒரு பிரதி போகட்டும். இங்கே சொல்லும் எல்லா வேலையும் போல்ட்டைக் கழற்றினால் பழைய நிலைக்குத் திரும்பும்படியே அமைந்திருக்கின்றன. பழைய ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், வீல் எதையும் எடைக்குப் போடாதீர்கள்.

துருவைப் பார்த்தல்

கான்டெசாவுக்குத் தனி சேஸிஸ் கிடையாது, பாடிதான் சேஸிஸ். தளம் துருப்பிடித்தால் சஸ்பென்ஷன் பிடித்திருக்கும் இடமும் போனது என்று அர்த்தம். மதுரை வறண்ட ஊர், இங்கேயே ஓடிய வண்டி பெரும்பாலும் தேறிவிடும். தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கம் ஓடி வந்த வண்டியை இரண்டு மடங்கு சந்தேகத்தோடு பாருங்கள். கால்மிதிக்கு அடியில் இருக்கும் தளம், கதவுக்குக் கீழே ஓடும் 'சில்' என்ற விளிம்புத் தகடு, பேட்டரித் தட்டு, வீல் ஆர்ச்சின் உள்விளிம்பு, டிக்கியில் ஸ்டெப்னி கிடக்கும் குழி, பின் ஸ்பிரிங் உட்காரும் கிண்ணம் ஆகியவற்றை ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அந்தத் தகடு செத்தது.

20 கேஜ் (சுமார் 0.9 மி.மீ.) சி.ஆர். (குளிர்நிலையில் உருட்டிய) தகட்டில் பேட்ச் வெட்டி, சி.ஓ.2 வெல்டிங்கில் சிறு சிறு பொட்டாக, இடம் மாற்றி மாற்றி வைக்கச் சொல்லுங்கள். கேஸ் வெல்டிங்கின் சூடு பெரிய பரப்பில் பரவித் தகட்டை நெளித்துவிடும், அந்த நெளிவை மூடப் பிறகு பட்டி பட்டியாகப் பூச வேண்டியிருக்கும். வெல்டிங்குக்கு முன் பேட்டரியைக் கழற்றுங்கள். பெட்ரோல் டேங்க் அருகே என்றால் டேங்கையே இறக்கிவிடுங்கள்.

எவ்வளவு தாழ்த்தலாம்

இந்திய சாலைக் காங்கிரஸின் அளவுப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், மேல்புறம் வளைவாக இருக்க வேண்டும். உசிலம்பட்டி, பேரையூர் பக்கத்துக் கிராமச் சாலையில் ஊர்க்காரர்களே போட்ட தடைகள் அந்த அளவைப் பார்த்துப் போட்டவை இல்லை. குறுகலாக, செங்குத்தாக இருக்கும். 10 செ.மீ. தடை, பிரேக் பிடிக்கும்போது மூக்கு அமுங்குவதற்கு 4 செ.மீ. என்று வைத்தாலே 14 செ.மீ. ஆகிறது. ஆகவே நான்கு பேரும் முழு டேங்கும் இருக்கும்போது வண்டியின் மிகத் தாழ்ந்த இடம் (பெரும்பாலும் சைலன்சர் குழாய் அல்லது கிராஸ் மெம்பர்) தரையிலிருந்து 140 மி.மீ.க்குக் குறையக்கூடாது. அப்படிப் பார்த்தால் முன்னால் 25 மி.மீ., பின்னால் 20 மி.மீ. தாழ்த்தினால் போதும். கண்ணுக்கு அது பெரிய மாற்றமாகவே தெரியும். 50 மி.மீ. தாழ்த்திய வண்டி படத்தில் அழகாக இருக்கும், திருமங்கலம் தாண்டி உள்சாலையில் இறங்கினால் அழ வைக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. திருமங்கலம், கள்ளிக்குடி பக்கம் கரிசல் மண். மழையில் ஊதி, கோடையில் வெடிக்கும் மண் என்பதால் மேலே போட்ட தார்ச்சாலை அலை அலையாக மாறிவிடுகிறது. அந்த அலையில் வண்டி ஏறி இறங்கும்போது ஸ்பிரிங்குக்கு அசைய இடம் வேண்டும். தாழ்த்திய ஒவ்வொரு மில்லிமீட்டரும் அந்த இடத்திலிருந்து எடுத்ததுதான்.

ஸ்பிரிங் கணக்கு

எல்லா வண்டியும் இங்கேதான் கெடுகிறது, அதனால் நிதானமாகச் செய்யுங்கள்.

முதலில் எடை. லாரி எடைமேடைக்குப் போய் முன்சக்கரம் மட்டும் மேடையில் நிற்கும்படி ஒருமுறை, பின்சக்கரம் மட்டும் ஒருமுறை எடை போடுங்கள். டேங்க் பாதி, ஓட்டுநர் இருக்கையில் ஆள். இடம் வலம் பாதியாகப் பிரித்துக்கொள்ளலாம். முன் ஆக்ஸில் 640 கிலோ காட்டினால் ஒரு பக்கம் 320. அதில் வீல், டயர், டிஸ்க், ஹப் என்று ஸ்பிரிங் தாங்காத எடை சுமார் 35 கிலோவைக் கழித்தால் 285 கிலோ.

முன்சக்கரம் இரட்டை விஷ்போனில் (மேலும் கீழுமாக இரண்டு ஆர்ம்) தொங்குகிறது. ஸ்பிரிங் சக்கரத்தின் நேர்மேலே இல்லாமல், கீழ் ஆர்மின் நடுவாக்கில் உட்கார்ந்திருக்கிறது. ஆர்மின் உள்புஷ்ஷிலிருந்து (பாடியோடு சேரும் ரப்பர் மூட்டு) ஸ்பிரிங் நடுவு வரை உள்ள தூரத்தை, உள்புஷ்ஷிலிருந்து பால் ஜாயின்ட் (சக்கரப் பக்கத்து உருண்டை மூட்டு) வரை உள்ள தூரத்தால் வகுங்கள். 0.6 வந்தது என்று வைத்துக்கொள்வோம். சக்கரம் 25 மி.மீ. நகர்ந்தால் ஸ்பிரிங் 15 மி.மீ.தான் நகரும். ஸ்பிரிங் தாங்கும் எடையோ 285-ஐ 0.6-ஆல் வகுத்த 475 கிலோ, அதாவது சுமார் 4,660 நியூட்டன்.

அடுத்து பழைய ஸ்பிரிங்கைக் கழற்றி வெர்னியரில் அளக்க வேண்டும். கம்பித் தடிமன், வெளிவிட்டத்திலிருந்து கம்பித் தடிமனைக் கழித்த நடுவிட்டம், இரு முனையிலும் படுத்திருக்கும் சுற்றைத் தவிர்த்து நடுவில் வேலை செய்யும் சுற்றுகளின் எண்ணிக்கை, சுமையில்லாத நீளம் என்று நான்கு அளவுகள். கடினத்துக்கான (ஒரு மி.மீ. அமுங்கத் தேவையான விசை) சூத்திரம் இது: எஃகுக்கான மாறிலி 78,500-ஐக் கம்பித் தடிமனின் நான்காம் அடுக்கால் பெருக்கி, 8 பெருக்கல் நடுவிட்டத்தின் மூன்றாம் அடுக்கு பெருக்கல் சுற்றுகளால் வகுக்க வேண்டும். எல்லாம் மில்லிமீட்டரில்.

கணக்கு காட்ட ஓர் உதாரணம்: கம்பி 14, நடுவிட்டம் 105, சுற்று 8, நீளம் 370. கடினம் மி.மீ.க்கு 40.7 நியூட்டன் வரும். 4,660 நியூட்டன் சுமையில் 114.5 அமுங்கி, வண்டியில் நிற்கும்போது நீளம் 255.5 மி.மீ. உங்கள் வண்டியில் அளந்த எண்ணை இதே வரிசையில் போடுங்கள்.

பட்டறையில் "ஒரு சுற்று வெட்டிடுவோம்ணே" என்பார்கள். வெட்டினால் என்ன ஆகும்? 40 மி.மீ. பிட்ச் (சுற்றுக்குச் சுற்று உள்ள தூரம்) உள்ள ஒரு சுற்று போய் நீளம் 330 ஆகும். சுற்று 7 ஆனதால் கடினம் 46.5-க்கு ஏறும், 100 மி.மீ. அமுங்கி 230-ல் நிற்கும். ஸ்பிரிங்கில் 25 குறைந்தது, சக்கரத்தில் 42 மி.மீ.க்கு மேல் தாழ்ந்துவிட்டது. 25 கேட்டவருக்கு 42 கிடைக்கிறது. வெட்டிய முனை கிண்ணத்தில் சரியாக உட்காராமல் சாய்ந்து, திரும்பும்போது டக் டக்கென்று சத்தம் வரும். அதைவிட மோசம், கேஸ் வைத்துச் சூடாக்கித் தாழ்த்துவது. சூடு பட்ட இடத்தில் எஃகின் பதம் போய், அந்த ஒரு சுற்று மட்டும் இளகி, ஒருநாள் குழியில் உடையும். இந்த வேலைக்கு ஒப்புக்கொள்ளவே கூடாது.

சரியான வழி புதிதாகச் சுற்ற வைப்பது. 25 மி.மீ. அசைவு போனதை ஈடுகட்ட 10 முதல் 15 சதவீதம் கடினம் கூட வேண்டும். நம் உதாரணத்தில் கம்பி 14, நடுவிட்டம் 105, வேலை செய்யும் சுற்று 7 என்று வைத்தால் 46.5 வருகிறது, 14 சதவீதம் கூடுதல். நிற்கும் நீளம் 255.5-லிருந்து 15 குறைத்து 240.5. அதோடு அமுங்கும் 100-ஐக் கூட்டினால் சுமையில்லாத நீளம் 341 மி.மீ. ஆர்டர் எழுத இந்த எண்கள் போதும். அளவு கொடுத்தால் சுற்றித் தரும் பட்டறைகள் கோவையிலும் சென்னையிலும் உண்டு. இ.என். 47 அல்லது அதற்கு இணையான ஸ்பிரிங் எஃகு, பதம் போட்டபின் ஷாட் பீனிங் (சிறு எஃகு மணிகளை வீசி மேற்பரப்பை இறுக்குவது), முழுதாக ஒருமுறை அமுக்கி விடுவது, பவுடர் கோட்டிங் ஆகிய நான்கையும் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். முழுதாக அமுக்கி விடாத ஸ்பிரிங் மூன்று மாதத்தில் இன்னும் 10 மி.மீ. உட்கார்ந்துவிடும்.

பின்னால் ரிஜிட் ஆக்ஸில் (இரு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே அச்சு), அதற்கும் காயில் ஸ்பிரிங்தான். கணக்கு அதேதான், ஆனால் டிக்கியில் சாமானும் மூன்று பேரும் ஏறும்போது எடை அதிகம் மாறும். பின்பக்கம் கடினத்தைக் கூட்டுவதில் 10 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். தாண்டினால் காலி வண்டியில் பின்பக்கம் துள்ளும், மழையில் வளைவில் வால் வழுக்கும்.

மாட்டும்போது

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியில் தூக்கியபின் பாடியின் கெட்டியான இடத்தில் ஸ்டாண்டு வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் போகக்கூடாது. முன் ஸ்பிரிங்குக்குள் சுமார் அரை டன் விசை அடைந்து கிடக்கிறது, பால் ஜாயின்ட்டைச் சட்டென்று விடுவித்தால் அது ஆளைக் கொல்லும். ஸ்பிரிங் கம்பிரசரை உள்ளே போட்டு இறுக்கி, கீழ் ஆர்முக்கு இரண்டாவது ஜாக்கியைக் கொடுத்து, பால் ஜாயின்ட்டைப் பிரித்தபின் ஜாக்கியை மெல்ல மெல்ல இறக்குங்கள். பிரேக் காலிப்பரைக் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள், பிரேக் ஓஸ் குழாயில் எடை ஏறக்கூடாது.

பிரித்த கையோடு ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், லிங்க் புஷ் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். இவற்றைப் பழையதாக விட்டுவிட்டுப் புது ஸ்பிரிங் போட்டால் வித்தியாசமே தெரியாது. ரப்பர் புஷ் போல்ட்டுகளை வண்டி தொங்கும்போது இறுக்கிவிடாதீர்கள். கையால் திருகி விட்டு, சக்கரம் தரையில் உட்கார்ந்து, வண்டியை நாலு முறை அமுக்கி ஆட்டிய பிறகே கடைசி இறுக்கு. தொங்கும் நிலையில் இறுக்கிய புஷ், வண்டி இறங்கியதும் எந்நேரமும் முறுக்கிக்கொண்டே இருக்கும், சில மாதங்களில் கிழியும். உயரமும் கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்து ஸ்பிரிங் அளவு தப்பு என்று பட்டறைக்குத் திருப்பி எடுத்துப் போனவர்கள் உண்டு.

ஷாக்குக்கு அளவு எடுக்க, ஸ்பிரிங் இல்லாமல் ஆர்மை ஜாக்கியால் பம்ப் ஸ்டாப் (ஆர்ம் மேலே போய் மோதும் ரப்பர் தடுப்பு) தொடும் வரை தூக்கி, மேல் கண்ணிலிருந்து கீழ்க் கண்ணுக்கு உள்ள தூரத்தை அளக்க வேண்டும். ஷாக் முழுதாக மூடும் நீளம் அதைவிட 10 முதல் 15 மி.மீ. குறைவாக இருக்கட்டும். இல்லையென்றால் குழியில் பம்ப் ஸ்டாப்புக்கு முன் ஷாக்கே இடித்து உடையும். கரிசல் சாலையின் அலைக்கு, விரியும்போது பிடிக்கும் விசை சற்றுக் கூடுதலாக உள்ள கேஸ் ஷாக் நல்லது.

பின்னால் வேலை முடிந்ததும் இரு பக்கமும் டயருக்கும் ஆர்ச்சுக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். 5 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால், தாழ்ந்ததில் ஆக்ஸில் ஒரு பக்கம் நகர்ந்திருக்கிறது, அல்லது புஷ் போயிருக்கிறது. 60-லிருந்து 80 கி.மீ. வேகத்தில் இருக்கைக்கு அடியில் அதிர்வு வந்தால் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் (கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும் தண்டு) கோணத்தைப் பார்க்க வேண்டும்.

வீலும் டயரும்

ஐந்து துளை வீலின் பி.சி.டி. (போல்ட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம்) தெரியாவிட்டால் பக்கத்துப் பக்கத்துத் துளைகளின் நடுவுக்கு நடுவு அளந்து 1.701-ஆல் பெருக்குங்கள். நான்கு துளை என்றால் எதிரெதிர்த் துளைகளை அளந்தால் போதும். துளை பொருந்தினால் மட்டும் போதாது. நடுத்துளை ஹப்பில் இறுக்கமாக உட்கார வேண்டும், பெரிதாக இருந்தால் ஹப் ரிங் போடுங்கள். இல்லையென்றால் எத்தனை முறை பேலன்ஸ் செய்தாலும் ஸ்டீயரிங் ஆடும். பி.சி.டி.யை மாற்ற அடாப்டர் போடுவதும், துளையை அராவிப் பெரிதாக்குவதும் வேண்டாம்.

டயரின் மொத்த விட்டத்துக்கு, ரிம் அங்குலத்தை 25.4-ஆல் பெருக்கி, அகலத்தின் சதவீத உயரத்தை இரண்டு முறை கூட்ட வேண்டும். 195/65 ஆர்15 என்றால் 634.5 மி.மீ., 205/60 ஆர்15 என்றால் 627. உங்கள் பழைய டயரிலிருந்து 3 சதவீதத்துக்கு மேல் விலகினால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும். அகலம் கூடும்போது ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுதாக ஒடித்து, வண்டியையும் அமுக்கி, உள்ளே ஆர்மிலும் வெளியே ஆர்ச்சிலும் 10 மி.மீ. இடைவெளி இருக்கிறதா பாருங்கள். வண்டியைத் தாழ்த்தினால் கேம்பரும் (சக்கரத்தின் சாய்வு) டோவும் (சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பி நிற்கும் கோணம்) தானாக மாறும். அலைன்மென்ட் செய்யாமல் ஓட்டினால் புது டயரின் உள்விளிம்பு சில ஆயிரம் கிலோமீட்டரில் தேய்ந்துவிடும்.

முன் லிப்பை பைபரில் வார்த்தல்

இப்போது உயரம் நிலைத்துவிட்டது. முன் பம்பருக்குக் கீழே, தரையிலிருந்து 150 மி.மீ.க்குக் கீழ் இறங்காத லிப் ஒன்றுக்கு அளவு எடுக்கலாம். தெர்மோகோல் அல்லது பி.யு. நுரையில் வடிவம் செதுக்கி, பட்டி பூசித் தேய்த்து, அதன் மேல் மோல்டு எடுப்பது வழக்கம். தெர்மோகோல் என்றால் மேலே காகித டேப் முழுதாகச் சுற்றுங்கள். பாலியஸ்டர் ரெசின் பட்டால் தெர்மோகோல் கரைந்துவிடும்.

நீளம் 1.8 மீட்டர், விரித்த அகலம் 25 செ.மீ. என்றால் பரப்பு 0.45 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 450 கிராம் உள்ள கண்ணாடி இழை மேட் மூன்று அடுக்குக்கு சுமார் 600 கிராம் மேட், அதைப்போல் இரண்டரை மடங்கு, அதாவது ஒன்றரை கிலோ ரெசின், கால் கிலோ ஜெல் கோட் (வெளிப்பக்க ரெசின் பூச்சு). சேதாரத்துக்கு 15 சதவீதம் கூட்டி வாங்குங்கள். மூன்று அடுக்கு சுமார் 3 மி.மீ. தடிமன் தரும். போல்ட் வரும் இடத்தில் மட்டும் இன்னும் இரண்டு அடுக்கு.

மோல்டுக்கு வேக்ஸ் நான்கு கோட், பிறகு பி.வி.ஏ. (மோல்டில் ஒட்டாமல் பிரிய வைக்கும் திரவம்) ஒரு கோட். ஜெல் கோட் பூசி, விரலில் ஒட்டியும் ஒட்டாத பதம் வந்ததும் முதல் மேட். ஹார்டனரான எம்.இ.கே.பி. ரெசினுக்கு 1 முதல் 2 சதவீதம். சித்திரை வெயிலில் 1 சதவீதமே அதிகம் போல் வேலை செய்யும். காலை ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடித்துவிடுங்கள். ஒருதடவைக்கு 300 கிராம் ரெசினுக்கு மேல் கலக்காதீர்கள், டப்பாவிலேயே கொதித்துப் புகைந்து கட்டியாகும். மேட்டுக்குள் காற்றுக் குமிழ் இல்லாமல் ரோலரால் உருட்டி வெளியேற்றுவதில்தான் கைத்திறன் இருக்கிறது. குமிழ் நின்ற இடம் பெயிண்ட் அடித்தபின் வெயிலில் கொப்பளமாக எழும்.

உயிருக்கு ஆபத்தான ஒரு விஷயம்: ரெசின் இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டையும் எம்.இ.கே.பி.யையும் நேரடியாகச் சேர்க்கவே கூடாது, வெடிக்கும். கோபால்ட் முன்பே கலந்த ரெசினாகக் கேட்டு வாங்குங்கள். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

ஒரு நாள் மோல்டிலேயே விட்டு, பிரித்தபின் இரண்டு நாள் நிழலில் சமமாகப் படுக்கவைத்து வையுங்கள். சீக்கிரம் பிரித்தால் முறுக்கிக்கொள்ளும். மாட்டுவதற்கு எம்6 ஸ்டெயின்லெஸ் போல்ட், அகல வாஷர், 20 செ.மீ.க்கு ஒன்று. துளைகளை நீள்வட்டமாக 3 மி.மீ. கூடுதலாக வெட்டுங்கள். பம்பரும் பைபரும் வெயிலில் ஒரே அளவு விரியாது, இறுக்கிப் பிடித்தால் துளையிலிருந்து கீறல் விடும். வெறும் பசையை நம்பி ஒட்டிய லிப் கப்பலூர் நான்குவழிச் சாலையில் பறந்தால் பின்னால் வரும் இருசக்கர வண்டிக்காரர்தான் பாவம்.

டிக்கி ஸ்பாய்லரும் இதே முறைதான், எடை 3 கிலோவுக்குள் இருந்தால் கீல் தாங்கும். பானெட் ஸ்கூப்புக்காக பானெட்டை வெட்ட வேண்டாம், மேலே மூடிய ஸ்கூப் போதும்.

பெயிண்ட்

பாலியஸ்டர் பட்டி 2 மி.மீ.யைத் தாண்டக்கூடாது. பைபர் பாகத்தை வேக்ஸ் துளிகூட இல்லாமல் துடைத்து, 240 எண் உப்புத்தாளில் தேய்த்து, இபாக்ஸி பிரைமர், பி.யு. பேஸ், கிளியர் என்று போங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்த பட்டறையில் அடித்தால் ஈரம் ஏறிக் கிளியர் வெளுத்துப்போகும். தை, மாசிதான் பெயிண்டுக்கு ஏற்ற மாதங்கள்.

ஓட்டிப் பார்த்தல்

முதல் 50 கி.மீ. நகருக்குள், மெதுவாக. வீல் நட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்சில் இறுக்குங்கள். அடுத்து நத்தம் சாலை மேம்பாலத்தில் ஒரே வேகத்தில் போங்கள். ஒவ்வொரு இணைப்பையும் தாண்டும்போது ஒரு முறை அசைந்து நின்றால் ஷாக் சரி, இரண்டு மூன்று முறை ஆடினால் போதவில்லை. பிறகு வேகத்தடைகள், நான்கு பேரோடு. எங்காவது உரசினால் அந்த இடத்தில் பளபளப்பாகக் கோடு விழுந்திருக்கும், அடியில் பார்த்துக் கண்டுபிடியுங்கள். திண்டுக்கல் தாண்டிச் சிறுமலை ஏறினால் 18 கொண்டை ஊசி வளைவுகள். டயர் ஆர்ச்சில் உரசுகிறதா, ஸ்டீயரிங் தானே நடுவுக்குத் திரும்புகிறதா என்று அங்கே தெரிந்துவிடும்.

500 கி.மீ.யில் ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும். நான்கு ஆர்ச்சின் உயரத்தையும் அளந்து, முதல் நாள் எழுதிவைத்த அளவோடு ஒப்பிட்டு, மறுபடி அலைன்மென்ட் செய்யுங்கள். இடம் வலம் 5 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் புஷ் போல்ட்டுகளைத் தளர்த்தி, வண்டி தரையில் நிற்கும்போதே மீண்டும் இறுக்கிவிட்டு, அதன்பிறகு ஸ்பிரிங் சுற்றியவரிடம் பேசுங்கள்.